கிராமத்து மனையும் ஓய்வுக்கால வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குத் தெற்கே பத்திர எழுத்தராக இருக்கிறேன். ஓய்வு பெறப்போகும் ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள், நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கும் விவசாயிகள் என்று பலரும் வந்து உட்கார்ந்து கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். பதிவு நடந்தால்தான் எனக்கு எழுத்துக்கூலி. இருந்தாலும் தயங்குகிறவரை நான் அவசரப்படுத்துவதில்லை. இங்கே பேசப்போவது ஊருக்குள் குடியிருக்க வாங்கும் மனையைப் பற்றி அல்ல. குடியிருக்க ஆளே இல்லாத இடத்தில், நாளைக்கு விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் வயலைக் கூறு போட்டு விற்கும் மனைகளைப் பற்றி.

வயலை மனையாகப் போட்டால் ஊர் வளரத்தானே செய்யும்? இதில் என்ன கெடுதல்?

வீடு எழுந்தால் வளர்ச்சிதான். ஆனால் நால்வழிச்சாலை ஓரம் நாலைந்து வருடத்துக்கு முன் போட்ட ஏதாவது ஒரு லேஅவுட்டுக்குள் போய்ப் பாருங்கள். நுழைவு வளைவில் பெயர்ப்பலகை பாதி விழுந்திருக்கும். கிராவல் ரோடு மழையில் அரித்துப் போயிருக்கும். மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல்லைச் சீமைக்கருவேலத்துக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூறு மனையில் இரண்டு மூன்று வீடு இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் கைமாறிக் கைமாறிக் காலியாகவே கிடக்கும்.

அந்த நிலத்தை நம்பி உடைமைக்காரர் மட்டும் இல்லை. குத்தகைக்கு உழுதவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள், அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டவர் என்று ஒரு கூட்டமே இருந்தது. விற்பனைப் பத்திரத்தில் இவர்கள் பெயர் வராது, பணத்திலும் பங்கு வராது. தரிசாகக் கிடக்கும் மனைகளில் காட்டுப்பன்றி அடைவதால் பக்கத்து வயல்காரர் ராத்திரியெல்லாம் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. ஊராட்சிக்கும் பெரிய வரவு இல்லை. அதன் சொந்த வருவாயில் முக்கியமானது வீட்டு வரி. வீடே எழாத இடத்தில் வீட்டு வரி ஏது?

விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கிறதே, அது நல்லதுதானே?

விளைச்சல் கட்டவில்லை, பிள்ளைக்குக் கல்யாணம் வைக்க வேண்டும் என்று விற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சென்ட் 30,000 ரூபாய் என்று ஓர் ஏக்கரை 30 லட்சத்துக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலை, பூங்கா போக 60 சதவீதம் மனையாக நிற்கிறது என்றால் ஏறத்தாழ 26,000 சதுர அடி. சதுர அடி 500 ரூபாய்க்கு விற்றால் 1 கோடியே 30 லட்சம். ரோடு போடும் செலவு, அனுமதிக் கட்டணம், ஏஜெண்ட் கமிஷன், விளம்பரம் எல்லாம் கழித்தாலும் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, விற்காதவருக்கும் இதனால் சங்கடம். பக்கத்து நிலம் அந்த விலைக்குப் போனதும், இதுவரை விவசாயத்தை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் பாகப்பிரிவினை வழக்கு கிளம்பும். புதிதாக நிலம் வாங்கி விவசாயம் செய்ய நினைப்பவருக்கு விலை எட்டாது. நெல்லோ பருத்தியோ போட்டு அந்த விலைக்கு வட்டி கூட எடுக்க முடியாது.

நிலத்தில் போட்ட காசு நஷ்டமாகாது என்கிறார்களே? என் அப்பா வாங்கின இடம் இன்றைக்கு இருபது மடங்கு.

அப்பா வாங்கின இடம் பெரும்பாலும் ஊரை ஒட்டி இருந்திருக்கும். ஊர் அதைத் தேடி வந்தது. இன்றைக்கு விற்பது பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் புஞ்சை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. 1,200 சதுர அடியை சதுர அடி 500 ரூபாய் என்று 6 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 54,000 சேர்த்து 6 லட்சத்து 54 ஆயிரம். இதையே 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் பத்து வருடத்தில் ஏறத்தாழ 12 லட்சத்து 85 ஆயிரம் ஆகியிருக்கும். அதாவது சதுர அடி 1,070 ரூபாய்க்கு விற்றால்தான் வங்கி வட்டிக்கே ஈடு. வேலி போட்டது, முள் வெட்டியது, தரகு எல்லாம் இதில் சேரவில்லை. வருமான வரியும் உண்டு. 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய நிலத்தை விற்கும்போது பணவீக்கத்தைக் கழித்துக்கொள்ளும் சலுகையும் கிடையாது.

அந்த விலைக்கு யார் வாங்குவார்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அதே சாலையில் அடுத்த வயலில் புது லேஅவுட் போடுபவர்தான் உங்களுக்குப் போட்டி. அவரிடம் வேன் இருக்கிறது, தவணை இருக்கிறது, தங்கக்காசு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இருக்கிறது. உங்களிடம் ஒரு பத்திர நகல் மட்டும்தான் இருக்கிறது. வயல் தீரும்வரை புது மனை வந்துகொண்டே இருக்கும். அதுவரை பழைய மனைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஏர்போர்ட் வருது, எய்ம்ஸ் வருது என்கிறார்கள். அதை நம்பி வாங்கலாமா?

எங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது 2015-இல். மதுரை தோப்பூர்தான் இடம் என்று முடிவானது 2018-இல். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். முதல் மாணவர்கள் படிக்க ஆரம்பித்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். தோப்பூரில் முழுவீச்சில் கட்டுமானம் தொடங்கும்போது 2024 ஆகிவிட்டது. ஆனால் "எய்ம்ஸ் அருகில்" என்ற போர்டு முதல் நாளிலேயே வந்துவிட்டது. அறிவிப்பு வந்த அன்றே அந்த வருங்காலத்தின் விலையும் மனையில் ஏறிவிடும். நீங்கள் அந்த விலையைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பீர்கள்.

காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர் இன்னொரு வகை. 2022 ஆகஸ்டில் விமான நிலையம் என்று அறிவித்ததும் ஏகனாபுரம் முதலான ஊர்களில் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராட்டம் தொடங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மனை எல்லைக்கு வெளியே இருந்தால் காத்திருப்பு, உள்ளே விழுந்தால் கையகப்படுத்தல். இழப்பீடு பேசும்போது பத்திரத்தில் காட்டிய விலைதான் பேச்சு. பத்திரத்தில் காட்டாமல் கையில் கொடுத்த மிச்சத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். அது போதாதா?

போதாது. ஊராட்சித் தலைவருக்கு லேஅவுட்டை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. எல்லோரும் டிடிசிபி என்று சொல்வது அதைத்தான். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏ என்னும் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல் அப்படிப்பட்ட மனைப் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சமயம் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பிறகு 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். கடைசித் தேதியைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு, "பின்னால் எப்படியும் ரெகுலரைஸ் பண்ணிடலாம்" என்று புதிதாக வயலை வெட்டுபவர்களும் உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த மனைக்கு அது பொருந்தாது.

சரி, டிடிசிபி, ரெரா ரெண்டும் இருக்கு. இனி கவலை இல்லையே?

ரெரா என்பது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. இரண்டும் இருந்தால் மோசடிக்கான பயம் குறையும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. வாங்கியவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். சொன்ன தேதியில் முடிக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஏஜெண்டுக்கும் பதிவு எண் வேண்டும். எண்ணைக் கேளுங்கள், ரெரா இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் வேறு ஏதோ திட்டத்தின் எண்ணாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு முத்திரைகளும் சொல்லாதது ஒன்று உண்டு: அங்கே ஆள் குடியேறுவார்களா? சாலை அகலம், பூங்கா இடம், நில உபயோகம், பத்திரத் தொடர்ச்சி இவற்றைத்தான் பார்க்கிறார்கள். கேட்கும் விலை நியாயமா, கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்பது அவர்கள் வேலை இல்லை. முறைப்படி அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டும் முதல் கேள்வியில் சொன்ன கருவேலங்காடாக மாறத்தான் செய்கிறது.

மாதம் 3,000 கட்டினால் ஐந்து வருடத்தில் மனை என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். பெரும்பாலும் கடைசித் தவணை வரை உங்கள் பெயரில் ஒரு சென்ட் கூட இருக்காது. ரசீதுப் புத்தகம்தான் இருக்கும். விவசாய நிலம் தருகிறோம் என்று நாடு முழுக்கப் பணம் திரட்டிய பிஏசிஎல் நிறுவனத்தை 2014-இல் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுத்தியபோது ஏறத்தாழ 5.8 கோடிப் பேரிடம் 49,000 கோடிக்கு மேல் வாங்கியிருந்தது. பணத்தைத் திருப்பித் தர 2016-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. தமிழ்நாட்டிலும் அந்தப் பழைய ரசீதுகளை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு.

போர் போட்டால் தண்ணீர் வந்துவிடும். ஊராட்சித் தண்ணீரும் உண்டு. பிறகென்ன?

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்தான் கணக்கு. மேல்நிலைத் தொட்டி ஊரின் இப்போதைய ஆட்களை வைத்துக் கட்டியது. புதிதாக நூறு வீடு வந்தால் அதே தொட்டியில்தான் கை வைக்க வேண்டும். சண்டை எங்கே தொடங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போர் விஷயம் இன்னும் மோசம். லேஅவுட்டுக்காரர் விற்பனைக் காலத்தில் ஒரு போரைப் போட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டுக் காட்டுவார். எல்லோரும் வீடு கட்ட ஆரம்பித்தால் வீட்டுக்கு ஒரு போர். முதலில் வற்றுவது பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. வாங்கும் முன் லேஅவுட்டுக்குள் கேட்காமல், வெளியே பம்புசெட் வைத்திருப்பவரிடம் கேளுங்கள்: சித்திரையில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் உப்பா, எத்தனை அடியில் நிற்கிறது? டீக்கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே இந்த விவரம் கிடைக்கும். வேனில் போகிறவர்களை அந்தக் கடையில் மட்டும் நிறுத்த மாட்டார்கள்.

மண் அடித்து மேடாக்கித்தானே தருகிறார்கள். மழையில் என்ன ஆகிவிடும்?

உங்கள் மனை மேடானால் தண்ணீர் வேறு எங்கோ நிற்கும். வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ந்த வாய்க்காலும், கண்மாய்க்கு வரத்துத் தந்த ஓடையும் லேஅவுட் நடுவில் தார் ரோடாகிவிடும். கோடையில் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் வராது. ஐப்பசியில் மேல்மடையில் தேங்கும். அதே தண்ணீர் சில வருடம் கழித்து மனைக்கே திரும்பி வரும். 2015 டிசம்பரில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மாடி வரை தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். அடையாற்று வெள்ளம் பரவும் தாழ்வான நிலத்தில் எழுந்த குடியிருப்புகள் அவை.

பார்க்க வேண்டியது கிராம வரைபடமும் எஃப்எம்பி என்னும் புல வரைபடமும். ஓடையும் வாய்க்காலும் கோடாக அதில் இருக்கும். லேஅவுட் பிளானில் அந்தக் கோடு எங்கே போனது என்று கேளுங்கள். அப்புறம் ஒரு பெருமழைக்கு மறுநாள் நேரில் போய் நில்லுங்கள்.

மனை வேண்டாம், பண்ணை நிலமாக வாங்கினால்? சந்தன மரம் வைத்துப் பராமரித்தும் தருகிறார்களாம்.

இதில் பெரும்பாலும் "விவசாய நிலம்தானே" என்று சொல்லி டிடிசிபி, ரெரா இரண்டிலிருந்தும் நழுவிக்கொள்கிறார்கள். பத்து சென்ட், இருபது சென்ட்டாகப் பிரித்து விற்பார்கள். பாதை எல்லோருக்கும் பொது என்று வாயால் சொல்வார்கள், பத்திரத்தில் இருக்காது. சிலதில் உங்களுக்கென்று தனி நான்கு மாலே, அதாவது நாலு பக்க எல்லையே, கிடையாது, பிரிக்கப்படாத பங்குதான். அங்கே நீங்கள் நினைத்த மாதிரி வீடு கட்டவும் முடியாது. பயன்பாட்டை மாற்ற அனுமதி வாங்க வேண்டும், நஞ்சை என்றால் அது இன்னும் கடினம்.

மரம் வெட்டும் வயது வர பதினைந்து இருபது வருடம். பராமரிப்பேன் என்று சொன்ன நிறுவனம் அதுவரை இருக்குமா? 1990-களில் தேக்கு மரத் திட்டங்கள் என்ன ஆயின என்று வயதானவர்களைக் கேளுங்கள். சென்னையில் பெரிதாக விளம்பரம் செய்த அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-இல் விழுந்தது.

ரிட்டயர் ஆனதும் அமைதியாகக் கிராமத்தில் ஒரு வீடு. இதுகூடத் தப்பா?

ஆசை தப்பில்லை, இடம்தான் தப்பாகிவிடுகிறது. சொந்த ஊருக்குள் பழைய வீட்டைப் புதுப்பித்து இருப்பது ஒன்று. சுற்றிலும் காலி மனையாக இருக்கும் லேஅவுட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருப்பது வேறு. ஐம்பத்தெட்டு வயதில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் பால் வாங்கலாம். எழுபத்தைந்தில்? தெருவிளக்கு இல்லாத லேஅவுட்டில் ராத்திரி 108 ஆம்புலன்ஸுக்கு வழி சொல்வதற்குள் பாதி உயிர் போய்விடும். டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை போக வேண்டியவர் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு டவுனில் வாடகைக்குப் போய்விடுகிறார்.

பி.எஃப்., கிராஜுவிட்டி முழுவதையும் இதில் போட்டுவிட்டு வந்தால் மருத்துவச் செலவுக்குக் கையில் காசு இருக்காது. நிலத்தை அவசரத்துக்கு விற்க முடியாது. ஏன் முடியாது என்பதற்கு, நிலத்தில் போட்ட காசு நஷ்டமாகாது என்ற கேள்விக்கான பதிலைப் பாருங்கள். என் யோசனை: எந்தப் பகுதியில் குடியேற நினைக்கிறீர்களோ அங்கே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கோடையும் மழையும் அதற்குள் வந்துவிடும்.

அப்படியானால் கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் முதியோர் குடியிருப்புகள் தேவலையா? சாப்பாடு, நர்ஸ் எல்லாம் உண்டாமே.

நன்றாக நடப்பவை இருக்கின்றன. முதியோருக்கான குடியிருப்புத் தொழிலுக்குக் கோவை பெயர் போன இடம்தான். ஆனால் நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்: ஒன்று வீடு, இன்னொன்று சேவை. வீட்டுக்குப் பத்திரம் உண்டு, ரெரா உண்டு. சேவைக்கு ஓர் ஒப்பந்தத் தாள் மட்டும். கட்டியவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்றால் நடத்துபவர் விலகிக்கொண்டதும் சமையலறை மூடும். கட்டியவர், நடத்துபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று மத்திய அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதி வீடு விற்காமல் நின்றால் மொத்தப் பராமரிப்புச் செலவும் இருப்பவர்கள் தலையில் விழும். மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்று உச்சவரம்பு எழுதியிருக்க வேண்டும். முன்பணமாக வாங்கும் வைப்புத்தொகை யார் கணக்கில் இருக்கும், இறந்தபின் எத்தனை நாளில் திரும்பும், கணவர் போனபின் மனைவி தொடர்ந்து இருக்கலாமா? விற்பதென்றால் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை உண்டா? இருந்தால் மகனே வாரிசானாலும் அங்கே வந்து குடியிருக்க முடியாமல் போகலாம். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பல இடங்களில் நடமாடும்வரைதான்.

மலையடிவாரத்தில் என்று ஆசை காட்டினால் இன்னொரு கேள்வி. கோவையின் அடிவாரக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. அதன் ஒப்புதல் இல்லாமல் கட்டியது பின்னால் வழக்காகும். யானை வரும் வழியும் அதுதான்.

நிலத்துக்காரர் பவர் கொடுத்திருக்கிறார், பவர் ஏஜெண்ட் கையெழுத்துப் போடுவார் என்கிறார்கள். வாங்கலாமா?

பவர் என்பது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். பதிவான பவரும், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் இருந்தால் விற்பனைப் பத்திரம் எழுதலாம். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவர் செல்லாது. பவரையே சொத்துக் கைமாறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோயில் நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), பூமிதான நிலம் (ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்தது) கலந்திருக்கிறதா என்று பழைய ஆவணங்களைப் பின்னோக்கிப் பார்ப்பது தனி வேலை. அதற்கு வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். லேஅவுட்டுக்காரரின் வக்கீல் தரும் கருத்துரையை நம்பாதீர்கள்.

நான் ஏற்கெனவே இரண்டு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். இப்போது என்ன செய்ய?

முதலில் போய்ப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தங்கள் மனை எதுவென்றே தெரியாது. கல் இருக்கிறதா, பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, வில்லங்கத்தில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா? வில்லங்கத்தை இணையத்தில் காசில்லாமலே பார்க்கலாம், வருடம் ஒருமுறை பாருங்கள். சாலையும் பூங்காவும் ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கொடுக்காத பூங்கா சில வருடத்தில் தானே மனையாகிவிடும்.

குடியேறும் எண்ணம் இல்லையென்றால், கேட்கிற விலையில் கொஞ்சம் குறைந்தாலும் ஆள் வரும்போது விற்றுவிடுங்கள். போட்ட முதல் வந்தால்தான் விற்பேன் என்று பிடிவாதமாக இருந்தவர்கள் இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறார்கள். மனையும் இருக்கிறது.

எங்கள் ஊரில் புது லேஅவுட் வரப்போகிறதாம். ஊர்க்காரர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

அனுமதிக்கு முன்பு செய்தால் முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை எந்தப் புல எண்ணில் போகிறது என்று எழுதித் தீர்மானமாகப் பதிய வையுங்கள். "லேஅவுட் வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் கிடப்பில் போடுவார்கள். "இந்தப் புல எண்ணில் இருக்கும் வாய்க்காலை அடைத்தால் கீழே இத்தனை ஏக்கர் பாசனம் போகும்" என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். நகலை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தாசில்தாருக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

டெல்டா மாவட்டத்துக்காரர்கள் சிலர், "எங்களுடையது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், மனை போட முடியாது" என்று நினைக்கிறார்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது ஹைட்ரோகார்பன் எடுப்பது, தாமிர உருக்காலை போன்றவற்றை. அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. அதனால் மேலே சொன்ன மனுவை அவர்களும் எழுதத்தான் வேண்டும்.